குங்குமம் புகுந்த பிளாப்பி

பிளாப்பியைத் தள்ளியதும் கணினியின் வயிற்றுக்குள்ளிருந்து எழும் "கர்ர்... டக்" என்ற சத்தம், சுண்டலுக்காக வேகும் கொண்டைக்கடலையின் வாசனையோடு சேர்ந்துதான் இன்றும் எனக்கு நினைவு வருகிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. புனேயின் நிக்டியில் இருந்த எங்கள் வீட்டுக் கணினியில், டிப்ளமா கடைசி ஆண்டு படித்த அக்கா ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து வரைந்த இயந்திர வரைபடங்கள்தான் அவளுடைய "ப்ராஜெக்ட்". தசரா முடிந்ததும் அதைச் சிடியில் பதிந்து கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு வருடம் வீண். சிடி எழுதும் வசதியோ கீழ்வீட்டு வைஷாலியிடம்தான் இருந்தது. ஒரு பிளாப்பிக்குள் அடங்காத அந்தக் கோப்புகளை, கணினிப் பத்திரிகையோடு இனாமாக வந்த ஒரு மென்பொருள், ஊருக்குப் போகும்போது அப்பா படுக்கையை மிதித்துச் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருக்கி, துண்டுகளாக்கி, பிளாப்பிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது. அங்கே போய் எல்லாத் துண்டுகளையும் சேர்த்தால்தான் பழையபடி விரியும்.

பிளாப்பிகள் தயாரான மறுநாள் சரஸ்வதி பூஜை. திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனை காலம் ஆனாலும் அம்மாவுக்கு வழக்கம் வழக்கம்தான்: படிப்புக்கு உதவுகிற அத்தனைக்கும் சந்தனம், குங்குமம், அடுத்த நாள் மறுபூஜை ஆகும்வரை எதையும் தொடக்கூடாது. கணினிக்குச் செவ்வந்தி மாலை போட்டுப் பட்டுத்துணி போர்த்திய கையோடு, பிளாப்பிகளுக்கும் தாராளமாகவே பொட்டு வைத்திருந்தாள். வைஷாலி வீட்டார் விடியற்காலையில் தசராவுக்குச் சொந்த ஊர் கிளம்புகிறார்கள் என்று அக்கா கெஞ்சியதால், மாலையில் பிளாப்பிகளை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதித்தாள்.

போன அக்கா அழுதுகொண்டே திரும்பி வந்தாள். மூன்றாவது துண்டு கெட்டிருக்கிறது என்று மென்பொருள் சொல்லிவிட்டதாம். அந்தப் பிளாப்பியின் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தால், உள்ளே குங்குமம்! வேறொரு பிளாப்பியில் அந்த ஒரு துண்டை மறுபடி ஏற்றினால் போதும். ஆனால் கணினி பூஜையில் அல்லவா இருக்கிறது? அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் கையாலேயே பட்டுத்துணியை விலக்கினாள். "ஏட்டி, அழாத. படிக்க பிள்ளைக்குச் சரஸ்வதியா குறுக்க நிப்பா? கும்பிட்டுட்டுப் போடு."

சிறிது நேரத்தில் கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து வைஷாலி "ஜாலா! ஜாலா!" என்று கத்தினாள். முடிந்துவிட்டது என்று மராத்தியில் அர்த்தம். அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். "இந்தச் சுருட்டுறத ஓசியில குடுத்த புண்ணியவான் யாருளா?" என்று கேட்டாள். எங்களுக்கு எங்கே தெரியும்!

இப்போது பிளாப்பியும் இல்லை, அதைப் படிக்கும் கணினியும் இல்லை. கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் எதுவும் எங்கும் போய்விடுகிறது. அக்கா கனடாவில் பொறியாளர். நான் மட்டும் எந்தக் கணினி வாங்கினாலும் அந்த மென்பொருளைத்தான் முதலில் ஏற்றுகிறேன். அதன் மீது எனக்குள்ள நன்றி குறையவே இல்லை. இந்த நவராத்திரியிலும் கோயிலுக்குப் போயிருந்தோம். வீட்டார் பெயர், நட்சத்திரமெல்லாம் சொல்லி முடித்த அம்மா, வருடந்தோறும் செய்வதுபோல் இன்னொரு அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். குருக்கள் பெயர் கேட்டார்.

"பேரு தெரியாது. சாமி பேருக்கே பண்ணிருங்க."