டிபன் டப்பா மூடியில் நான்கு சொற்கள்

அக்காவின் டிபன் டப்பா மூடியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். தண்ணீர் படாமலிருக்க அதன்மேல் டேப். அதில் நான்கு கொரியச் சொற்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான்தான்: ஃபைட்டிங், ஹிம்னே, ஜல்ஹேஸ்ஸோ, சுகோஹேஸ்ஸோ. ஒரு திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸில் அவள் டப்பாவை வெளியே எடுத்தபோது இரண்டாவது சொல்லைக் காணோம். டேப்போடு சேர்த்து நகத்தால் சுரண்டியிருந்தாள்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. ஆரணியிலிருந்து இருட்டோடு கிளம்பும் அந்த பஸ்ஸில் மூன்று வருஷம் எனக்குப் பக்கத்து சீட். சென்னைப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் அவள் லைனில் நின்று பாகங்களைப் பூட்டினாள். நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அவள் கணவர் பட்டு நெசவாளி. இது நடப்பதற்கு முந்தைய வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் கொஞ்சம் குழறியது. விடாமல் பயிற்சி செய்தால் கை திரும்பும், மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் ஒரு மாதம் செய்தார். பிறகு, கையில் பிடித்து அமுக்கும் அந்தப் பயிற்சிப் பந்தைத் தொடவே இல்லை. அக்காவின் கவலை முழுக்க அந்தப் பந்தைப் பற்றித்தான்.

எங்கள் கொரிய மேனேஜர் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, முஷ்டியை மடக்கி "ஃபைட்டிங்" என்பார். ஆங்கிலத்திலிருந்து அவர்களிடம் போன சொல்தான். ஆனால் சண்டைக்குக் கூப்பிடுவதில்லை, விட்டுவிடாதே என்பதுதான் பொருள். உற்பத்தி குறைந்த நாளில் "ஹிம்னே" என்பார். உள்ளே இருக்கும் பலத்தை வெளியே எடு என்று அர்த்தம். நன்றாகச் செய்தால் "ஜல்ஹேஸ்ஸோ". ஷிஃப்ட் முடிந்து வாசலில் நின்று, ஒவ்வொரு லைனுக்கும் தலை குனிந்து "சுகோஹேஸ்ஸோ" என்பார். "சார் தேங்க்ஸ் சொல்றாரு, கிளம்புங்க" என்று அதை ஒரே வரியில் முடித்துவிடுவேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எனக்கு.

வீட்டுக்காரருக்குச் சொல்ல நல்லதாக நாலு வார்த்தை எழுதிக்கொடு என்று அக்கா கேட்டபோது, ஹிம்னேயைத்தான் பெருமையோடு பரிந்துரைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கும் போனேன். தறியை ஒட்டிப் போட்ட கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். அக்கா பந்தை அவர் வலது கையில் வைத்து விரல்களை மூடி, "ஹிம்னே" என்று சொல்லி அர்த்தமும் சொன்னாள். அவர் பந்தை இடது கைக்கு மாற்றி வீசினார். அது தறிக்கு அடியில் உருண்டு போனது.

"எங்க இருந்து எடுக்கறது?" என்றார். நாக்கு குழறியதில் கோபம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. "பலம் இருந்தா வெச்சிகினு சும்மாவா குந்திகினு இருக்கேன்?"

அக்கா விடவில்லை. அப்படியென்றால் ஜல்ஹேஸ்ஸோ, முதல் மாதம் நன்றாகத்தானே செய்தீர்கள் என்றாள். அதற்கு அவர் கோபம் கொஞ்சம் தணிந்து, என்னைப் பார்த்தே பேசினார். "தறியில இருக்கற பொடவைய நல்லா இருக்குன்னு எங்க ஊட்ல யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. கண்ணு பட்டுடும். அறுத்து எறக்கனாத்தான் வாயத் தொறப்பாங்க. அப்பவும் பொடவையத்தான் சொல்லுவாங்க."  யாருக்கு எதைச் சொல்வது என்று யோசிக்காமல், புத்தகத்தில் படித்ததை எடுத்து நீட்டியிருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில்தான் அந்தச் சுரண்டிய மூடியைப் பார்த்தேன். "அது வேலைக்கு ஆவல" என்றாள் அக்கா. கடைசிச் சொல்லைக் காட்டி, "இது தேங்க்ஸுதான?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. தேங்க்ஸ் இல்லை அக்கா, நீ பாடுபட்டது எனக்குத் தெரிகிறது என்று அர்த்தம், அவசரத்தில் நான்தான் சுருக்கிவிட்டேன் என்றேன்.  "அம்மாம் பெரிய வார்த்தையவா தெனம் மிஸ் பண்ணிகினு இருந்தோம்?" என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அவர் தரையில் கிடந்திருக்கிறார். விழவில்லை. தறிக்கு அடியில் போன பந்தை எடுக்க, யாரையும் கூப்பிடாமல் கட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்திருக்கிறார். சட்டையெல்லாம் தூசி, பந்து இன்னும் எட்டவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "சுகோஹேஸ்ஸோ" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என்ன அர்த்தம் என்று அவர் கேட்டதற்குச் சொன்னாளாம். யார் சொல்வது இதை என்று கேட்டாராம். எங்க மேனேஜர், வேலை முடிந்ததும் சொல்வார் என்றாளாம்.

"தெனமுமா?"

"தெனமும்தாங்க."

அவர் இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாராம். பிறகு, "பந்த எடுத்துக் குடு. பத்து வாட்டி பண்றேன். அப்பறம் சொல்லு" என்றாராம். மறுநாள் பஸ்ஸில் இதைச் சொல்லும்போது அக்கா அழுதாள். நானும் அழுதேன். முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம். இத்தனை வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் நான் கல்யாணமாகி வந்தவாசிக்குப் போய்விட்டேன். இப்போது வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறேன். போன மாதம் ஆரணிக்கு வந்தவள், அக்காவைப் பார்க்கக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். எனக்கு முன்பே அக்காவின் கணவர் நின்றிருந்தார், இடது கையில் ஊன்றுகோல். அக்கா இறங்கியதும் வலது கையை நீட்டினார். அவள் டிபன் பையை அவர் விரல்களில் மாட்டினாள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை, பை சறுக்கியது. நான் தாங்கப் போனேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடு" என்றாள். பை விரலின் இரண்டாம் கணுவில் நின்றது. அவர் அவளைப் பார்த்து, குழறலாக, "சுகோஹேஸ்ஸோ" என்றார்.

அந்த மூடி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். வெறும் எவர்சில்வர், பளபளவென்று இருந்தது. காகிதமும் இல்லை, டேப்பும் இல்லை.

"இவருதான் டெய்லி கழுவுறாரு, வலது கையால. தேச்சித் தேச்சி காயிதமே போச்சி."

நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் பையை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, அதே வலது கையால் வாங்கும்வரை காத்திருந்தேன்.