நிப்பல் நுனியில் ஒரு சொட்டு

கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறவள் நான். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிய பிறகும் அடுப்பை அணைத்தேனா என்று மனசு அடித்துக்கொள்ளும். இந்தக் குணத்தால் ஐம்பது கோழிக்குஞ்சுகளுக்கு நான் செய்த உபகாரம் ஒன்று உண்டு.

எனக்கு அப்போது எட்டு வயது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கான பேப்பர்கள் அலமாரியில் தயாராக இருந்தன. அவள் போனால் நான் கொஸ்லந்தையில் பெரியம்மா வீட்டில் இருக்க வேண்டும். கடைசி முயற்சியாக, வளர்த்து விற்க ஐம்பது கறிக்கோழிக் குஞ்சுகள் வாங்கினாள். "இந்தக் குஞ்சுங்க ஒழுங்கா வளந்தா நான் போகல" என்று சொல்லியிருந்தாள். அதனால் ஒன்றும் சாகாமல் பார்ப்பது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

பின்னறையை அம்மாவின் தம்பி, என் மாமா, தயார் செய்து கொடுத்தார். தரையில் மரத்தூள், மேலே பல்பு. உயரத்தில் ஒரு வாளி, அதிலிருந்து வரும் பைப்பின் அடியில் வரிசையாகச் சிவப்பு நிப்பல்கள். குஞ்சு அலகால் தட்டினால் தண்ணீர் வரும், இல்லாவிட்டால் நின்றுவிடும். தரை நனையாது என்று மாமாவுக்கு ஒரே பெருமை.

குஞ்சுகள் வந்த மறுநாள் பாடசாலை இல்லை. அம்மா மலைக்குப் போனதும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நிப்பலின் நுனியிலும் ஒரே ஒரு சொட்டு தொங்கியது. எங்கள் லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் அப்படிச் சொட்டு தொங்கினால் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தம், இனி நாளைக் காலைதான். வாளிக்குள் பார்க்க எனக்கு உயரம் போதவில்லை. பெரிய தாம்பாளம் நிறையத் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தேன்.

குஞ்சுகள் ஓடிவந்து குடித்தன. குடித்ததோடு நிற்காமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கின. வெளியே பனி மூடிக் கிடந்தது. சற்று நேரத்தில் எல்லாம் நனைந்த பஞ்சாக நடுங்கின. அம்மாவின் பழைய கம்பளியை அடுப்போரம் விரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் படுக்க வைத்தேன்.

மத்தியானம் அம்மாவும் மாமாவும் வந்தார்கள்.

"என்ன பாப்பா, எல்லாரையும் குளிப்பாட்டிட்ட போல. சீயக்கா வச்சியா?" என்றார் மாமா.

"பைப்புல தண்ணி நின்னுருச்சு மாமா."

அம்மா ஒரு குஞ்சை எடுத்துப்போய் அதன் அலகை அந்தச் சொட்டில் வைத்தாள். அது தட்டியது, தண்ணீர் வந்தது. ஈரம் உலர்ந்திருந்த இன்னும் சில அதைப் பார்த்துத் தட்டத் தொடங்கின.

இரண்டு மட்டும் கம்பளியை விட்டு எழவில்லை.

"அம்மா, ரெண்டு செத்துப்போச்சு. நீ போயிருவியா?"

அம்மா அந்த இரண்டையும் கம்பளியிலிருந்து எடுத்தாள். மாமா மெதுவாகக் கேட்டார்: "அக்கா, நாளைக்கு பதுளைக்குப் போறேன். அந்தப் பேப்பர ஏஜென்டுகிட்ட குடுத்துறவா?"

"இவள அங்க விட்டா பெரியக்கா வீட்டு மாட்டையும் பனியில குளிப்பாட்டிருவா. நீ வெறுங்கையோட போயிட்டு வா தம்பி" என்றாள் அம்மா.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று கம்பளியில் முகத்தைப் புதைத்து அழுதேன். மாமாவுக்குச் சொன்னதில் எனக்கான பதிலும் இருந்தது என்று தெரியாமல், அடுத்த ஐந்து வாரமும் விடிந்ததும் பின்னறைக்கு ஓடி, நாற்பத்தெட்டையும் எண்ணிவிட்டுத்தான் முகம் கழுவினேன்.