வெளிநாட்டார் வாசல்

நான் யாங்கூனிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். மனைவி பர்மியப் பெண். மகளுக்கு அவள் நிறம். எனக்கு என் அப்பாவின் கறுப்பு.

போன பௌர்ணமிக்கு மகளும் நானும் புத்தர் கோயிலான பகோடாவுக்குப் போனோம். உள்ளூர்க்காரர்களின் வாசலில் நின்ற பெண் மகளை உள்ளே விட்டுவிட்டு, என்னை மட்டும் நிறுத்தினாள்.

"ஊலே, வெளிநாட்டுக்காரங்களுக்கு அந்தப் பக்கம்" என்றாள், மாமா என்று பர்மிய முறையில் மரியாதையாகவே அழைத்து.

"நான் இந்த ஊர்தாம்மா" என்று பர்மிய மொழியில் சொன்னேன்.

"அட, நம்ம பாஷை நல்லா பேசுறீங்களே!"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அடையாள அட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். அதற்குள், வாசலுக்கு உள்ளே நின்ற மகள் முந்திக்கொண்டாள்.

"இவர் இந்தியாவிலேருந்து வந்திருக்கார். நான்தான் சுத்திக்காட்டக் கூட்டிட்டு வந்தேன்."

மறுத்துப் பேசினால் எல்லோர் முன்னாலும் அவள் பொய்க்காரியாகிவிடுவாள். அட்டையைப் பையிலேயே விட்டுவிட்டு வெளிநாட்டார் வாசலுக்கே போனேன்.

உள்ளே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதாவதுதான் பேசும் தமிழில், "சண்டை வேணாம்னுதான் சொன்னேன்ப்பா" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

வாசலில் நின்றவள் சொன்னது எனக்குப் புதிதல்ல. என் மகளின் வாயில் அந்தப் பொய் தடுமாறாமல் வந்ததுதான் ஆறவில்லை. இதற்கு முன் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாளோ! கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.