தோணித் தச்சனின் பெட்டி

சாரத்திலிருந்து விழுந்தபின் ஜேசுதாசனுக்கு வலது முழங்கால் மடங்கவில்லை. இனி ஏறி இறங்கித் தோணி கட்ட முடியாது. ஞானையா அண்ணாச்சியின் மேசை நாற்காலிக் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருந்தது. அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான்: மூலைகளைச் சாய்வாக வெட்டிச் சேர்த்த சின்னப் பெட்டி. ஆணி கூடாது, இடைவெளியில் எதையும் அடைக்கக் கூடாது. சரியாக வந்தால் வேலை.

அவனுடைய அக்காள் கிருபை, தையல் மிஷினை நகர்த்தி ஜன்னலோரம் இடம் கொடுத்தாள். தம்பி கைபட்ட தோணிகள் கொழும்புக்குப் போய் வருவதை யாரிடமும் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

வெளியே உப்பளம் வெயிலில் மிதந்தது. கடற்காற்றில் தேக்குச் சுருள்கள் தரையில் மெல்ல ஊர்ந்தன. இழைப்புளி போய் வரும் ஓசையில் கிருபைக்குக் கண் சொக்கியது. வீடே கட்டவிழ்ந்து எங்கோ நகர்வதுபோல் இருந்தது.

ஜேசுதாசன் முதல் பலகையை வைத்துப் பார்த்து இரண்டாவதை வெட்டினான். அதை வைத்துப் பார்த்து மூன்றாவதை. மூன்று மூலைகள் மயிரிழை தெரியாமல் பொருந்தின. நாலாவது வாய் பிளந்தது.

“சாய்வு தப்பிட்டு போலக்கா.”

அதைச் சீவினான். அந்த மூலை மூடியது. பக்கத்து மூலை திறந்தது. சீவச் சீவப் பெட்டி சிறுத்தது.

“ஏலே, இப்படியே போனா மூக்குப்பொடிதான் வைக்கலாம்.”

“சிரிக்காதக்கா. தோணின்னா சந்துல பஞ்ச அடிச்சு அடைச்சிட்டுப் போயிருவேன்.”

சொன்னவன் அப்படியே நிறுத்தினான். தோணியில் ஒரு பலகைபோல் இன்னொன்று இருக்காது. முன்னால் நிற்பதைப் பார்த்து அடுத்ததை வெட்ட வேண்டும். மிச்ச இடைவெளியைப் பஞ்சும் குங்கிலியமும் பார்த்துக்கொள்ளும். எதிரெதிர்ப் பலகைகளைச் சேர்த்து நிறுத்தித் தடவினான். ஒன்று நகக்கண் அளவு நீண்டிருந்தது.

“மொதல்ல வெட்டுன சாய்வு சரிதான்க்கா. நீளம்தான் தப்பு. நான் பெட்டிய தோணி மாதிரில்லா செஞ்சிருக்கேன்!”

மிச்சத் தேக்கு இன்னும் ஒரு பெட்டிக்குத்தான் காணும். இம்முறை எதிர்ப் பலகைகளை ஜோடியாகக் கட்டி, ஒன்றாகவே முனை சீவினான். கிருபை மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். வச்சிரப் பசை தடவி, நாலு மூலையும் சேர, சணல் சுற்றினான்.

பசை காய்ந்ததும் இருவரும் கடைக்குப் போனார்கள். ஞானையா பெட்டியை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பினார்.

“எந்த மூலைய கடைசியாச் சேத்தே?”

“நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் மறுபடி திருப்பினார்; நகத்தால் கீறிப் பார்த்தார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்றுப் பார்த்தார்.

“இதுவா?”

“இல்லண்ணாச்சி.”

“சரி, விடு. கால நீட்டி உக்காருத மாதிரி பலகை ஒண்ணு போட்டு வைக்கேன். திங்கக்கிழம வந்துரு.”

தம்பி பதில் சொல்வதற்குள் கிருபை முந்திக்கொண்டாள்: “வருவான் அண்ணாச்சி.”