பிரிட்ஜ் கதவில் ஏழு ஆமைகள்

"தங்கச்சி, இங்க கதைக்கிறது இமிக்ரேஷனுக்குப் போகுமோ?"

விஜிதரன் சயந்தினியிடம் முதலில் கேட்டது இதைத்தான். மேற்கு சிட்னியில், சிறுவர்களுக்கான மனநல நிலையம் ஒன்றின் காத்திருப்பு அறை. அவள் அங்கே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து அப்போது இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

"போகாது அண்ணை."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். உள்ளுக்குக் கதைக்கிறதை நானும் வெளியில சொல்லக்கூடாது."

"பிள்ளை பள்ளிக்கூடம் போறேல்லை எண்டு எழுதிவைச்சால்?"

"உதவி செய்யத்தான் எழுதுவினம்."

"முகாமில எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவை," என்றார்.

பக்கத்துக் கதிரையில் அவருடைய ஒன்பது வயது மகள் லதுஷா, அப்பாவின் சட்டை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

விஜிதரன் அகதியாகப் படகில் வந்தவர். ஒரு வருடத்துக்கு மேல் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வெளியே வந்து, இறைச்சிக் குளிரறையில் பெட்டி ஏற்றும் வேலையில் சேர்ந்தார். கிரவீன் என்ற புறநகரில் ஒரு வீட்டின் பின்வளவிலுள்ள சிறிய வீட்டில் குடும்பம் இருந்தது. விசா இன்னும் தற்காலிகமானதுதான். தபால்பெட்டியில் கடிதம் விழும் சத்தம் கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிடும். லதுஷா அந்த அமைதிக்குள்ளேயே வளர்ந்தவள். இப்போது பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே மூச்சு முட்டியது. பதகளிப்பு நோய், ஓயாத பயம், என்றார் நிலையத்தின் உளவியலாளர்.

அந்தப் பெண்மணி லதுஷாவுக்கு ஒரு கணினி விளையாட்டுக் கொடுத்தார். திரையில் நீலம், பச்சை என்று இரண்டு பெட்டிகள். நீலப் பெட்டி அடிக்கடி சிப்பி தரும், எப்போதாவது ஒன்றைத் திருப்பி எடுக்கும். பச்சை தரவும் மாட்டாது, எடுக்கவும் மாட்டாது. லதுஷா நீலத்தை அழுத்தி ஒன்பது சிப்பி சேர்த்தாள். பத்தாவது தடவை ஒரு சிப்பி போனது. அதன்பின் விளையாட்டு முடியும்வரை அவள் பச்சையை மட்டுமே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"உங்கள் மகளுக்குக் கிடைத்தது மெதுவாகத்தான் பதிகிறது. போனது ஒரே தடவையில் பதிந்துவிடுகிறது," என்றார் உளவியலாளர். எல்லாப் பிள்ளைகளும் இப்படி இல்லை, இவள் இப்படி என்றும் சொன்னார். பிறகு ஏற்பாடு ஒன்று செய்தார். பள்ளிக்கூடத்தை நோக்கி ஒவ்வொரு சிறு முயற்சிக்கும் ஓர் அட்டையில் ஓர் ஆமை ஸ்டிக்கர். பத்து ஆமை சேர்ந்தால் பரமட்டா ஆற்றில் படகுச் சவாரி. என்ன நடந்தாலும் கொடுத்த ஸ்டிக்கரைத் திருப்பி எடுக்கக் கூடாது.

சயந்தினி ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னாள். "ஓம், ஓம்," என்று விஜிதரன் தலையாட்டினார். அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் சொல்லிப் பழகிய ஓம் அது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் அவர் வந்தபோது கையில் அட்டை இல்லை. தோள்பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியின் மூடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்பக்கத்தில் ஆறு ஆமைகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"ஏழு சேர்த்தவள்," என்று தொடங்கினார். "அட்டையைப் பிரிட்ஜ் கதவில ஒட்டி வைச்சிருந்தம். வீட்டுக்காரக் குணரத்தினம் அங்கிள் வந்து பாத்திட்டு, ‘பள்ளிக்கூடம் போறதுக்கு லஞ்சமோ? எங்களுக்கு அந்தக் காலத்தில பூவரசங் கம்படிதான்ரா ஸ்டிக்கர்’ எண்டு சிரிச்சவர். நானும் சிரிச்சனான்."

அடுத்த நாள் காலை பள்ளிக்கூட வாசல்வரை போனவளை உள்ளே கூட்டிப்போக ஆசிரியை கை நீட்டியிருக்கிறார். லதுஷா கையை உதறிவிட்டு நேரே வீதிக்குள் ஓடினாள். ஒரு கார் சக்கரம் கிறீச்சிட நின்றது. அவளுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"தூக்கிக்கொண்டு வீட்டை வந்தனான். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அவள் பாத்துக்கொண்டு நிக்க ஏழாவதை உரிச்சுப்போட்டன்."

மறுநாள் விடிய, மிச்சம் ஆறையும் லதுஷாவே உரித்து அவருடைய சாப்பாட்டுப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்தாள். "நீங்களே வைச்சிருங்கோ அப்பா, அப்ப நீங்கள் எடுக்கத் தேவையில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். பதினொரு நாளாக அவள் வீட்டுப் படியைத் தாண்டவில்லை. இன்று போர்வையால் மூடித்தான் காரில் கொண்டுவந்தார்.

சயந்தினி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். உளவியலாளர் எதுவும் எழுதாமல் பேனையை மூடினார்.

"முகாமில எங்களுக்கும் புள்ளி இருந்தது," என்றார் விஜிதரன். "வகுப்புக்குப் போனால் புள்ளி. அதைக் குடுத்துத்தான் போன் கார்ட் எடுக்கலாம். ஒரு கிழமை எழும்பேலாமல் கிடந்தனான். புள்ளியும் இல்லை, அம்மாவோட கதைக்கக் கார்ட்டும் இல்லை. அதுக்குப் பிறகு ஆர் என்ன தந்தாலும் எனக்குக் கை நீளாது. இதெல்லாம் தெரிஞ்ச நானே பிள்ளையிட்டப் பறிச்சன்."

லதுஷா மூலையில் போர்வைக்குள் இருந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன. உளவியலாளர் அவளிடம் மெல்லப் பேசிப் பார்த்தார். அவள் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். இவள் இனி எதற்குமே கை நீட்டாமல் போய்விடுவாளோ என்று சயந்தினி பயந்தாள்.

விஜிதரன் சயந்தினியின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்கள் அவளுக்கு இங்கிலிசில சொல்லுங்கோ. நான் தமிழில சொன்னால் அப்பாவுக்காக ஓம் எண்டுவாள். அப்பா பிழை விட்டிட்டார், குடுத்ததை இனி ஆரும் எடுக்கமாட்டினம் எண்டு சொல்லுங்கோ."

அவள் வாயெடுப்பதற்குள் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இல்லை. ‘ஆரும்’ எண்டு சொல்லாதேங்கோ, அது எனக்குத் தெரியாது. அப்பா எடுக்கமாட்டார் எண்டு மட்டும் சொல்லுங்கோ."