அத்தாட்சிக்காரரின் ஞானஸ்நானம்

ஓய்வூதிய அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் அவர் பார்த்த உத்தியோகம் ஒன்றே ஒன்றுதான்: எதிரே வந்து உட்காருபவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று சரிபார்ப்பது. வந்தவர் மூச்சு விடுவார், இருமுவார், குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்பார். இதெல்லாம் நம்மவருக்குப் போதாது. "அதெல்லாம் சரி, அத்தாட்சி எங்கே?" என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கேயோ தொலைந்து, ஊர் முழுக்க அவர் அத்தாட்சிக்காரர் ஆகிப்போனார்.

சொந்த அக்காவுக்குக்கூட விலக்கு கிடையாது. இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் கிடந்தவளை நாற்காலியோடு மூன்றாம் மாடிக்குத் தூக்கி வரவைத்தார், மகானுபாவர். இத்தனைக்கும் முந்தின நாள் மத்தியானம் அவள் வீட்டில்தான் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டிருந்தார்.

"நேத்து உனக்குச் சாப்பாடு போட்டது யாருடா, என் ஆவியா?" என்று அக்கா கத்தினாள்.

"அது வீடு. இது ஆபீஸ். பிறந்த தேதியைச் சொல்லுங்க," என்றார். ஆமாம், ஆபீசில் அக்காவுக்கும் 'ங்க'தான். அவள் சொன்ன தேதியைக் கோப்போடு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, அவள் சாகவில்லை என்று முத்திரை குத்தினார்.

இப்பேர்ப்பட்டவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போனார் என்றால், அதற்குக் காரணம் கடவுள் இல்லை, மனைவி. எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது இவர் மட்டும் உதட்டைப் பூட்டிக்கொண்டு நிற்பார். 'நம்புகிறேன்' என்ற இடம் வந்ததும் மனைவி இடது கையில் நறுக்கென்று கிள்ளுவாள்.

"ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன். வாய் வெந்தா போயிடும்?"

"பார்க்காததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

நாற்பது வருடம் கிள்ளினாள். நாற்பது வருடமும் அவர் சொல்லவில்லை. அதோடு விட்டாரா? பூசை முடிந்து வாசலில் நிற்கும் சாமியாரையும் மடக்குவார். "ஆண்டவரோட கல்லறை காலியா இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா ஆள் உயிரோட இருக்கார்னு யார் பாதர் சரிபார்த்தது? எந்த ஆபீஸ்ல நேர்ல ஆஜரானார்?" பாவம் சாமியார், அசடு வழியச் சிரித்துவைப்பார்.

போன வருடம் மனைவி இறந்துபோனாள். கோயில் சுவரை ஒட்டினாற்போல் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். மனுஷன் ஆடிப்போய்விட்டார். தினமும் சாயங்காலம் போய் அங்கே உட்கார்ந்தார். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடம் காலியாக இருந்தது. அது தனக்குத்தான் என்று முடிவு கட்டினார். செத்த பிறகு ஒன்றுமே இல்லை என்று சாதித்தவருக்கு, செத்த பிறகு எங்கே படுப்பது என்பதில் என்ன இவ்வளவு கறார் என்று கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது. அந்த இடத்தில் வேறு எவனாவது வந்து படுத்துவிடுவானோ என்ற பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

விண்ணப்பத்தோடு சாமியாரிடம் போனார். சாமியார் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி. நீங்க ஞானஸ்நானம் வாங்கினதுக்கு அத்தாட்சி?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சாமியார் ருசித்துச் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

அத்தாட்சிக்காரரின் கோப்பில் குழந்தைப் பருவத்துத் தடுப்பூசி அட்டை இருந்தது. முதல் சைக்கிள் வாங்கிய ரசீது இருந்தது. ஞானஸ்நானச் சீட்டு மட்டும் இல்லை. 'தேவையில்லாத காகிதம்' என்று அவரே ஒருநாள் கிழித்துப் போட்டிருந்தார். பிறந்த ஊர்க் கோயிலின் பதிவேடுகளோ வெள்ளத்தில் போய்விட்டன.

"பன்னண்டு வருஷமா நான் இங்கே வர்றதைப் பார்க்கறீங்களே பாதர்!"

"வந்ததைப் பார்த்திருக்கேன். நம்புறேன்னு சொன்னதைப் பார்க்கலையே. ரெண்டு வழி இருக்கு. எல்லார் முன்னாடியும் 'நம்புறேன்'னு சொல்லிப் புதுசா ஞானஸ்நானம் வாங்குங்க. இல்லேன்னா, அன்னைக்கு நேர்ல பார்த்த ஒரே ஒரு ஆள் வந்து சாட்சி சொல்லட்டும், போதும்."

அன்றைக்கு இருந்தவர்களில் உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு ஆள்தான். யாரென்று சொல்ல வேண்டுமா?

"வாடா. உயிரோடதான் இருக்கேன், பார்த்தியா?" என்று வரவேற்றாள் அக்கா. "போதுமா, இல்லே மூணாம் மாடி ஏறணுமா?"

அவர் தலை நிமிராமல் வந்த விஷயத்தைச் சொன்னார். நாக்கு நீளமாக இருந்தாலும் அவளுக்கு மனசு நல்ல மனசு. மறுநாளே கிளம்பிவிட்டாள். சாமியார் அறைக்கு நாற்காலியை அவரேதான் தள்ளிக்கொண்டு போனார்.

"நல்லா ஞாபகம் இருக்கு பாதர்," என்றாள். "மெழுகுவத்தியை நான்தான் பிடிச்சிருந்தேன். தலையில தண்ணி விழுந்ததும் இவன் வீறிட்டுக் கத்தினான் பாருங்க, அந்தப் பாதர் பயந்தே போயிட்டார்!" சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. கண் கலங்கியது. சாமியார் மளமளவென்று எழுதினார்.

அத்தாட்சிக்காரரின் மண்டைக்குள் அந்தப் பழைய கோப்பு தானாகத் திறந்துகொண்டது. அக்கா பிறந்த தேதி. தான் பிறந்த தேதி. கழித்துப் பார்த்தார். அன்றைக்கு அக்காவுக்கு வயது ஒன்றே முக்கால். மெழுகுவத்தி பிடித்தாளாம்! அவர் மேசைக்கு இப்படியொரு சாட்சி வந்திருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டு வாசலைக் காட்டியிருப்பார். பழக்கதோஷம், வாய் திறந்தேவிட்டது.

"என்ன?" என்றார் சாமியார், காகிதத்தை அவர் பக்கம் திருப்பியபடி. "சாட்சி சொன்னது உண்மைன்னு நீங்களும் கீழே கையெழுத்துப் போடணும்."

அக்காவைப் பார்த்தார். அவள் மனசு இன்னும் அந்தப் பிறந்த ஊர்க் கோயிலிலேயே நின்றுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து கோயில் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அடக்க முடியவில்லை. "அக்கா, அப்ப உனக்கு ரெண்டு வயசுகூட ஆகலை."

அக்கா சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தினாள். "அதனால? அம்மா சொல்லிச் சொல்லி என் கண்ணுக்குள்ளேயே நிக்குதுடா. பொய்யா சொன்னேன்? திருப்பு வண்டியை! கிழிச்சுப் போடச் சொல்றேன். நம்புறியா, இல்லையா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"நம்புறேன்க்கா."

"என்ன முணுமுணுக்கறே? சத்தமாச் சொல்லு!"

"நம்புறேன்!"

தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குக் காது ஒன்றும் அவ்வளவு மந்தமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் அத்தனை சத்தம்.