வேப்பிலை கட்டிய கூழ்ப்பானை

அன்புள்ள சரோஜா,

ஊரடங்கிய இந்த நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தான். அவர் ஊரில் இல்லை. வெளியே புதுக்கோட்டையே மிதக்கிற மாதிரி மழை... எனக்குத் தூக்கம் வரவில்லை.

மழை வலுத்தால் எனக்கு அந்த வாடை வந்துவிடுகிறது. அழுகின வைக்கோலும் சேறும் செத்த ஆடுமாடும் கலந்த வாடை. புயல் அடித்து ஓய்ந்த பிறகு, மீமிசலுக்கு மேற்கே அந்தக் கண்மாய்க்கரை ஊரில் நம் காலேஜ் பெண்கள் லாரியை விட்டு இறங்கினோமே... தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கயாடி தங்கப் போறோம்?" என்றாய் நீ. பட்டணத்தை விட்டு வெளியே வராதவள்!

பனைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கண்மாய்க் கரை நடுவில் உடைந்து, மாட்டுவண்டி நுழைகிற அகலத்துக்கு வாயைப் பிளந்திருந்தது. உள்ளே மிச்சம் முழங்கால் தண்ணீர்தான். அதுவும் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த மழைக்குள் உடைப்பை அடைத்தால் ஊர் பிழைக்கும். இல்லாவிட்டால் மீதிக் கரையும் போய்விடும், ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மண் சுமக்க உடம்பில் தெம்பு வேண்டுமே. அடுப்பெரிந்தே பல நாள் ஆகியிருந்தது அங்கே. நாம் கேழ்வரகு மூட்டைகளை இறக்கி, அம்மன் கோயில் பக்கத்தில் பெரிய பானைகளை ஏற்றினோம். பால் கொடுக்கிற தாய்மாருக்கு முதலில் ஊற்ற வேண்டும் என்பது நம் டீச்சரம்மா போட்ட சட்டம். "கஞ்சித்தொட்டி திறந்தாச்சு, எல்லாரும் வாங்க!" என்று தெருத்தெருவாகக் கூவினோம்.

ஒரு ஈ காக்காய் வரவில்லை. இல்லை, ஈ வந்தது. ஈ மட்டும்தான் வந்தது.

ஊர்த்தலைவர் அம்பலகாரர் வந்து தள்ளி நின்றார். "நல்ல மனசுதான் தாயி. ஆனா எங்க ஊரு கையேந்துற ஊரு இல்ல. கஞ்சித்தொட்டி வச்ச ஊருன்னு பேராயிட்டா, நாளைக்கு ஒருத்தனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

வள்ளிக்கண்ணு ஞாபகமிருக்கிறாளா? இடுப்பில் குழந்தை, தலையில் சட்டிபானை மூட்டை. தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பி நின்றாள். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. "ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்களேன்" என்றேன். "வேணாங்க, பசிக்கல" என்றாள். பானையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நீ அந்தக் காரியம் செய்தாய். ஈத் தொல்லை பொறுக்காமல், சாய்ந்து கிடந்த வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாய் ஒடித்து எல்லாப் பானைக் கழுத்திலும் சுற்றிக் கட்டினாய்.

வள்ளிக்கண்ணு நின்றுவிட்டாள்.

"ஏங்க... வேப்பெலை கட்டியிருக்கீங்க. ஆத்தாளுக்கா?"

அவள் கேட்டது மாரியாத்தாளை. உனக்கு என்ன தெரியும்? ஆத்தா என்றால் அம்மா என்று இரண்டு நாள் முன்னால்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சட்டத்தை ஒப்பித்துவிட்டாய்: "ஆமாங்க, ஆத்தாளுக்குத்தான் மொதல்ல! அப்புறந்தான் மத்தவங்களுக்கு!"

மூட்டை தரைக்கு வந்தது.

"ஏ அக்கா, இங்கிட்டு வாங்க! ஆத்தாளுக்குக் கூழு ஊத்துறாக!"

"ஐப்பசியிலயா?"

"ஆத்தாளுக்குப் பசிச்சா ஆடி வரட்டும்னு காத்துக்கிட்டா இருப்பா? செம்பை எடுத்துக்கிட்டு வாடி!"

ஐந்து நிமிஷம் இருக்குமா... மஞ்சள்தண்ணீர், சின்ன வெங்காயம், எங்கோ பத்திரமாய் வைத்திருந்த மோர்மிளகாய் என்று ஆளுக்கொன்றாய் வந்து சேர்ந்தது. அம்மன் கூழை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அம்பலகாரரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். வேப்பிலையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "நல்லா கட்டுனீங்க தாயி" என்றார். மீசைக்குள் அவர் சிரித்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு சத்தம் போட்டாரே: "ஆத்தா கூழைக் குடிச்சிட்டு அவ கரையைப் பாக்காமப் போனா நல்லாருக்குமா? மம்புட்டிய எடுங்கடா!"

சாய்ந்த பனைகளையே வெட்டி நட்டார்கள். இடையில் வைக்கோலைத் திணித்தார்கள். மேலே மண், மண், மண். நாமும் வரிசையில் நின்றோம். கூடை கை மாறும்போது அது எந்தத் தெருக் கை என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. கூழ் வாங்கும்போது தனித்தனியாக நின்றவர்கள்தான்!

கடைசிக் கூடை விழுந்த சாயங்காலமே கிழக்கே கறுத்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. ஊர் முழுக்க நனைந்துகொண்டு கரையையே பார்த்து நின்றோம். தண்ணீர் ஏறியது... இன்னும் ஏறியது... கரை அசையவில்லை. வள்ளிக்கண்ணுதான் முதலில் குலவையிட்டாள். அடுத்த நொடி ஊரே குலவை! உனக்கு நாக்கு சுழலவில்லை, ஓவென்று கத்தினாய்.

போன வாரம் கரிப்புகையில் ஓடுகிற கரிவண்டி பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். கண்மாய் தளும்பிக் கலிங்கு வழியாய்த் தண்ணீர் விழுகிறது. நாம் அடைத்த இடம் எதுவென்று தேடித் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே கரையாகப் புல் மூடிக் கிடக்கிறது. எனக்கு அப்படியொரு கர்வம், சரோஜா. பஸ் என்று பார்க்காமல் குலவையிட்டிருப்பேன்.

அவ்வளவு சேற்றில் நின்றும் அன்றைக்குப் பயம் என்பதே தெரியவில்லை. இன்றைக்கு ஓட்டில் ஒரு சொட்டு ஒழுகினால் தொட்டிலை நகர்த்துகிறேன். நகர்த்தின இடத்தில் ஓடு விழுமோ என்று திரும்பவும் நகர்த்துகிறேன். அன்றைக்கு என் கையிலிருந்து கூடையை வாங்க நீ பக்கத்தில் நின்றாய். இப்போது இந்த வீட்டில் வாங்கிக்கொள்ள இன்னொரு கை இல்லை.

சீக்கிரம் பதில் போடு.

உன்,
மீனாட்சி